எய்தவனும் செய்தவனும்: ஜப்பானிய மூங்கில் அம்பின் வரலாறு

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது பள்ளிப் பருவத்திலேயே நம் செவிக்குப் பழகிவிட்ட பழமொழி. ஏவியவனை விட்டுவிட்டு ஏவலுக்குப் பணிந்தவனைப் பழிப்பது முறையன்று என்னும் பொருளில் அதனை ஆள்கிறோம். அப்பழமொழிக்குள் எய்தவன் இருக்கிறான், அம்பு இருக்கிறது, புண்பட்டு நோகிறவனும் இருக்கிறான். அந்த அம்பைச் செய்தவன் மட்டும் இல்லை.

இதனைப் பழமொழியின் குறை என்று சொல்லிவிட முடியாது. வரலாறு எழுதும் வழக்கமே அப்படித்தான் இருந்துவந்திருக்கிறது. காப்பியங்கள் வில்லாளியைப் பாடும். அவன் வில்லுக்கும் பெயர் சூட்டும். அருச்சுனனின் வில்லுக்குக் காண்டீபம் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அவன் எய்த அம்புகள் எங்கிருந்து வந்தன? எடுக்க எடுக்கக் குறையாத தூணி ஒன்றை அவனுக்கு அளித்து, அக்கேள்வியே எழாமல் காப்பியம் பார்த்துக்கொண்டது. தமிழில் அம்புக்கூட்டை நாம் ‘அம்பறாத்தூணி’ என்கிறோம். அம்பு அறாத, அதாவது அம்பு தீர்ந்துபோகாத தூணி என்பதே அதன் பொருள். ஒரு நாளும் தீராத பொருளைச் செய்வதற்கு ஆள் எதற்கு? இத்துணை அழகிய சொல்லுக்குள் ஒரு தொழிலாளர் கூட்டமே மறைந்துவிட்டது.

உண்மையில் அம்புதான் எப்போதும் தீர்ந்துபோவது. நல்ல வில் ஒருவனிடம் பல்லாண்டு தங்கும். தந்தையிடமிருந்து மகனுக்கும் போகும். அம்போ கையை விட்டுப் போவதற்கென்றே பிறப்பது. ஆகவே வில் செய்பவன் ஒன்று செய்யும் காலத்தில் அம்பு செய்பவன் பல செய்தாக வேண்டும். அவை அனைத்தும் ஒன்றுபோல் இருந்தாகவும் வேண்டும். கல்லிலும் உலோகத்திலும் ஒன்றுபோல் பல செய்வது வேறு. மண்ணில் முளைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் வளைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாய் வளர்ந்த மூங்கிலில் அதனைச் செய்வது வேறு. இவ்வுரையில் நாம் பேச எடுத்துக்கொள்வது அந்தக் கைவினையையே. உலகின் பல பகுதிகளில் மூங்கில் அம்பு இருந்திருக்கிறது. எனினும் ஜப்பானை முன்னிறுத்துகிறோம். அங்கே செடி இருக்கிறது, தொழிலின் சொற்கள் இருக்கின்றன, எட்டாம் நூற்றாண்டின் அம்புகளே காக்கப்பட்டிருக்கின்றன, தொழில் செய்வோர் குறைந்தாலும் இன்னும் இருக்கின்றனர்.

சொல்லுக்குள் இருக்கும் செடி

மொழி பயில்வோராகிய நாம் சொற்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். தமிழில் அம்பைக் குறிக்கும் சொற்கள் பல. கணை, பகழி, வாளி, பாணம், சரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கோல் என்ற எளிய சொல்லுக்கும் அம்பு என்னும் பொருள் உண்டு. ஊன்றுகோலும் எழுதுகோலும் செங்கோலும் எந்தக் கோலோ, எய்யப்படுவதும் அந்தக் கோலே. இச்சொற்களுள் ‘சரம்’ என்பது வடமொழி வழி வந்தது. அம்மொழியில் அதற்கு நாணல் என்பதும் அம்பு என்பதும் ஆகிய இரு பொருள்களும் உண்டு. நாணல் தண்டே முதலில் அம்பாயிற்று. பின்னர் செடியின் பெயரே கருவிக்கும் ஆயிற்று. முருகனைச் சரவணன் என்று அழைக்கிறோமே, அந்தச் சரவணம் நாணற்காடுதான். சரவணப் பொய்கையின் கரையில் நின்ற புல்லே வில்லாளியின் கைக்கு வந்த அம்பு என்று எண்ணும்போது, நாள்தோறும் நாம் சொல்லும் ஒரு பெயர் சற்றே புதிதாகத் தெரிகிறது.

நம் அண்டை வீட்டாரின் மலாய்மொழியில் அம்புக்கு ‘அனாக் பானா’ என்று பெயர். வில்லின் பிள்ளை என்பது அதன் நேர்ப்பொருள். தாயிடமிருந்து பிரிந்து போவது பிள்ளையின் இயல்பு என்பதைக் கருதினால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பானா’ என்றதும் நம் ‘பாணம்’ நினைவுக்கு வரும். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட ஆசையும் எழும். ஆனால் மலாய்ச் சொல் ஆசுத்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல். பிலிப்பீன்சு மொழிகளிலும் அதன் உறவுச் சொற்கள் உள்ளன. ஒலி ஒத்ததனால் மட்டும் உறவு ஆகிவிடாது என்பதை வகுப்பில் விளக்க இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

ஜப்பானியத்தில் அம்பு என்பது ‘யா’. மூங்கில் ‘தாகே’. அம்புக்கு ஏற்ற மூங்கிலை அவர்கள் ‘யதாகே’, அதாவது அம்பு மூங்கில், என்று அழைக்கின்றனர். வடமொழியில் செடி தன் பெயரை அம்புக்குக் கொடுத்தது. ஜப்பானியத்தில் அம்பு தன் பெயரைச் செடிக்குக் கொடுத்தது. போக்கு எதிரெதிர் ஆயினும் உறவு ஒன்றே. அம்பு செய்தவர்கள் செடியை அறிந்திருந்தனர்; அதை அறியாமல் அம்பு இல்லை.

யதாகேயைப் பார்த்தால் மூங்கில் என்று சொல்ல நமக்குச் சற்றுத் தயக்கம் வரும். நம் ஊர் மூங்கில்போல் அது பருத்து உயர்வதில்லை. விரற்கடைக்கும் குறைந்த பருமன். ஆளுயரத்தைக் கடந்து இன்னும் சிறிது ஓங்கும். முதிர்ந்த பின்னும் பாளை உதிராமல் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். கணுக்கள் புடைத்து நிற்பதில்லை, கணுவிடை நீளமானது, தண்டின் சுவர் தடித்தது. ஒரு கணுவில் பெரும்பாலும் ஒரே கிளைதான் விடும். ஆகவே கிளையை நீக்கிய வடு சிறிது. இவ்வளவும் அம்புக்கு வேண்டிய பண்புகள். அந்நாட்டுப் பிரபுக்கள் தம் கோட்டைகளைச் சுற்றி இம்மூங்கிலை நட்டுவைத்தனர். முற்றுகைக் காலத்தில் ஆயுதச்சாலை வெளியில் இருந்து பயன் என்ன? இன்று மதில் சிதைந்து கல் மட்டும் எஞ்சிய பழங்கோட்டைகள் பலவற்றின் அருகில் யதாகேப் புதர் இன்னும் நிற்பதைக் காணலாம்.

வெட்டுவது முதல் நிமிர்த்துவது வரை

மூங்கில் பிறக்கும்போதே தன் முழுப் பருமனோடு பிறக்கிறது. மரம்போல் ஆண்டுதோறும் வளையம் வைத்துப் பருப்பதில்லை. ஒரே பருவத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பின் நடப்பதெல்லாம் உள்ளே இறுகுவது மட்டும். முதலாண்டுத் தண்டு பார்வைக்கு முழுமையானது, உள்ளே இளசு. முதிர்ந்து போனதோ முறியும். ஆகவே மூன்றாண்டுப் பருவத்துத் தண்டையே அம்பு செய்பவர் தேடுவார். வெட்டுவது குளிர்காலத்தில். அப்போது தண்டில் நீரும் மாச்சத்தும் குறைவு, பூச்சி அரிக்காது.

வெட்டிய தண்டுகளைப் பாளை நீக்கி மாதக்கணக்கில் உலர்த்துவர். உலர்ந்தபின் தொடங்குகிறது தெரிவு. இக்கைவினையின் பாதி இதில்தான் இருக்கிறது என்று கருதுகிறோம். ஜப்பானிய வில்லாளிக்கு அம்பு ஒன்று ஒன்றாகச் செய்யப்படுவதில்லை. நான்கு கொண்ட ஒரு தொகுதியாகவே இன்று பெரும்பாலும் செய்யப்படுகிறது. நான்கிலும் பருமன் ஒக்க வேண்டும், எடை ஒக்க வேண்டும், வளையும் வன்மை ஒக்க வேண்டும். இவற்றுக்கும் மேலாகக் கணுக்கள் நிற்கும் இடமும் ஒக்க வேண்டும். நான்கு அம்புகளை அருகருகே கிடத்தினால் கணுக்கள் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றை வெட்டியோ ஒட்டியோ அப்படி ஆக்க முடியாது. அப்படி வளர்ந்த நான்கு தண்டுகளைக் குவியலுக்குள்ளிருந்து கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஒரு தொகுதிக்காக எத்தனையோ தண்டுகள் கைக்கு வந்து கையை விட்டுப் போகும்.

அம்புத் தண்டில் பொதுவாக நான்கு கணுக்கள் இருக்கும். நான்குக்கும் நான்கு பெயர். இறகுகளின் நடுவே வருவது ‘ஹனாகா’, இறகிடைக் கணு. அடுத்தது ‘சொதேசுரி’, சட்டைக்கை உரசும் கணு. தண்டின் நடுவில் வருவது ‘நொனாகா’. முனையை ஒட்டியது ‘இத்சுகே’. இவ்வாறே இறகுகள் மூன்றனுள் ஒன்றற்கு ‘ஹோசுரி’ என்று பெயர். கன்னம் உரசும் இறகு என்பது பொருள். ஜப்பானிய வில்லாளி நாணைக் காதுக்குப் பின்வரை இழுக்கிறார். அப்போது அம்பு கன்னத்தை ஒட்டிக் கிடக்கும். அம்பின் உறுப்புகளுக்கு வில்லாளியின் உடலைக்கொண்டு பெயரிட்டவர்கள், தாம் செய்யும் பொருள் யாருடைய உடலில் எங்கே படும் என்று எண்ணிக்கொண்டே செய்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அளவும் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது. பழங்காலத்தில் அம்பின் நீளத்தைப் பிடிகளாலும் விரல்களாலும் அளந்தனர். நம் முன்னோரின் சாணும் முழமும் விரற்கடையும் போன்றதே இது. இன்றும் வில்லாளியின் தொண்டைக் குழியிலிருந்து நீட்டிய இடக்கையின் விரல்நுனி வரை அளந்து, அதன்மேல் சில சென்டிமீட்டர் கூட்டியே அம்பின் நீளம் குறிக்கப்படுகிறது. ஒருவருக்கு அளவெடுத்த அம்பு, கை நீண்ட இன்னொருவருக்கு இடர் விளைக்கக்கூடியது.

இனி நெருப்பு. எந்த மூங்கிலும் முழு நேராக வளர்வதில்லை. கரித்தணலின் மேல் தண்டைச் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுவர். வெப்பத்தில் நார்களைப் பிணைக்கும் பொருள் இளகும். அந்தச் சில நொடிகளுக்குள் பள்ளம் வெட்டிய ஒரு மரக்கோலைத் தண்டின்மேல் பொருத்தி, கோணிய இடத்தை எதிர்ப்புறம் அழுத்தி நிமிர்த்துவர். அம்மரக்கோலுக்குத் ‘தமேகி’ என்று பெயர். ஆறியபின் தண்டு நிமிர்ந்த நிலையிலேயே நிற்கும். ஆனால் ஒருமுறை செய்ததோடு முடிவதில்லை. மூங்கிலுக்கு நினைவாற்றல் உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது. பழைய வளைவுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பப் பார்க்கும். ஆகவே முதலில் ஒரு நிமிர்த்தல், கணுவைச் சீவியபின் இன்னொன்று, மெருகிட்டபின் மற்றொன்று எனத் தொழில் முழுவதும் நிமிர்த்தல் தொடரும்.

நிமிர்த்தும் சூடு வேறு, பதமாக்கும் சூடு வேறு. பின்னதில் தண்டின் உள்நீரும் எண்ணெயும் வெளியேறி, இளமஞ்சள் நிறம் பழுப்பாக மாறும். தண்டு இலேசாகும், விறைப்பு ஏறும். சூடு குறைந்தால் வளைவு திரும்பும். மிகுந்தால் தண்டு நொறுங்கும். வெப்பமானி கொண்டு இந்த இடைவெளி காணப்படவில்லை. நிறம் மாறுவதைக் கண்ணும், எண்ணெய் கசிவதை மூக்கும், விறைப்பு ஏறுவதை விரலும் சொல்ல, மூன்றையும் கேட்டு முடிவெடுப்பது கை.

சீவுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூங்கிலின் வலிமை தோலை ஒட்டிய பகுதியில் செறிந்திருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறையும். ஒன்றுபோல் ஆக்க வேண்டும் என்று கண்டபடி சீவினால் வலிமையையே சீவி எறிந்ததாகிவிடும். சீவாமல் விட்டாலோ நான்கும் ஒவ்வா. குறைவாகச் சீவி மிகுதியாக ஒப்பிப்பதே திறமை. முதலில் சொன்ன தெரிவு ஏன் பாதித் தொழில் ஆகிறது என்பது இங்கே விளங்கும். சீவியபின், பள்ளமிட்ட கற்களுக்கிடையே மணலும் நீரும் இட்டுத் தண்டை உருட்டித் தேய்ப்பர். தண்டு வழவழப்பாகும்.

தண்டின் வடிவமும் ஒன்றல்ல. முனை முதல் அடி வரை ஒரே பருமனாகச் செல்வது ஒன்று. சுகி என்னும் ஊசியிலை மரம்போல் ஒரு முனை பருத்து மறுமுனை நோக்கி மெலிவது இன்னொன்று. நடு பருத்து இருமுனையும் மெலிவதை வாற்கோதுமை மணி என்று பெயரிட்டு அழைத்தனர். தொலைதூரம் எய்வதற்கு இம்மூன்றாவது வடிவம் சிறந்தது என்பது அனுபவத்தில் கண்ட முடிவு.

இறகும் குதையும்

இறகைப் பற்றி ஒரு செய்தி, மாணவர்கள் சுவைக்கத்தக்கது. பறவையின் இறகு தட்டையானது அன்று. இயல்பாகவே சற்று வளைந்தது. அதனை நடுத்தண்டோடு பிளந்தால் இரு பாதிகள் கிடைக்கும். ஒரே அம்பில் கட்டும் மூன்று பாதிகளும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒன்றையொன்று எதிர்க்கும். ஆகவே மூன்று இறகுகளைப் பிளந்தால் இரண்டு அம்புகளுக்கு ஆகும். ஓர் அம்பு வலஞ்சுழியாகச் சுழன்று செல்லும். மற்றது இடஞ்சுழியாகச் சுழன்று செல்லும். முன்னதற்கு ‘ஹயா’ என்றும் பின்னதற்கு ‘ஒதோயா’ என்றும் பெயர். இரண்டும் சேர்ந்தே ஓர் இணை. எய்யும்போது ஹயா முதலில், ஒதோயா அடுத்து. பறவையின் உடலமைப்பிலிருந்து பிறந்த கட்டாயம் சடங்கின் ஒழுங்காக மாறிவிட்டது.

மிக உயர்வாகக் கருதப்பட்டவை கழுகின் வாலிறகுகள். அவற்றுள்ளும் வாலின் இரு ஓரங்களிலும் உள்ளவை. இவ்விறகுகளைப் பட்டு நூலால் தண்டோடு இறுக்கிக் கட்டி அரக்கு மெழுகினர்.

அம்பின் அடியில் நாண் பொருந்துவதற்கு ஒரு பிளவு உண்டு. வில்லின் முனையில் நாண் மாட்டும் வெட்டை நாம் குதை என்போம். அச்சொல்லையே இங்கும் ஆள்வோம். ஜப்பானியர் அம்பின் குதையை ‘ஹசு’ என்றனர். மூங்கிலிலேயே வெட்டுவதும் உண்டு. கொம்பில் கடைந்து பொருத்துவதும் உண்டு. குதை நாணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தளர்ந்தால் அம்பு நழுவும். இறுகினால் நாணைவிட்டுப் புறப்படத் தயங்கும். நன்றாகச் செய்த குதை நாணோடு பொருந்தியே தீரும். இதிலிருந்து அம்மொழியில் ஒரு வழக்குப் பிறந்தது. ‘அவர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்’, ‘இது இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று எதிர்பார்ப்பைச் சொல்லும் இடத்தில் ஜப்பானியர் இன்றும் ‘ஹசு’ என்ற சொல்லையே வாக்கியத்தின் இறுதியில் வைக்கின்றனர். குதையும் நாணும் பொருந்துவது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பாக இது நடந்தாக வேண்டும் என்பது உட்பொருள். தொடர்வண்டி வரும் நேரத்தைச் சொல்லும் இளைஞர் தாம் ஓர் அம்பின் அடிப்பகுதியைப் பற்றிப் பேசுவதாக எண்ணுவதில்லை. நம் செய்தித்தாள்களில் ‘கேள்விக்கணை தொடுத்தார்’ என்று எழுதுபவர் கணையையோ தொடுப்பதையோ எண்ணுவதில்லை அல்லவா? வழக்கறிஞர் ‘வழக்குத் தொடுத்தார்’ என்னும்போதும் அதே தொடுத்தல்தான்.

ஓர் ஆறும் ஒரு மண்டபமும்

அம்பு செய்வோரைப் பற்றிய பழைய தடயங்களுள் ஒன்று ஓர் ஆற்றின் பெயர். நடு ஜப்பானில் இன்றைய ஐச்சி மாநிலத்தின் வழியே ஓடும் ஆற்றுக்கு ‘யஹாகி’ என்று பெயர். அம்புக்கு இறகு கட்டுதல் என்பது அச்சொல்லின் பொருள். கிழக்கு நோக்கிப் படையெடுத்துச் சென்ற யமாதோ தக்கேரு என்னும் தொன்ம வீரர் அவ்வாற்றங்கரை மூங்கிலைக்கொண்டு அம்பு செய்வித்தார் என்று தலபுராணம் கூறும். தொன்மத்தைத் தள்ளிவைத்தாலும் ஒன்று உறுதி. பண்டைய ஜப்பானிய அரசில் ‘யஹாகிபே’ என்னும் பெயரில், வழிவழியாக அம்பு செய்து அரசுக்கு அளிக்கும் குடியினர் இருந்தனர். தனி மனிதரின் பெயர் நிற்கவில்லை. கூட்டத்தின் பெயர் நின்றது.

நாரா நகரின் தோதாய்ஜிக் கோவிலைச் சேர்ந்த ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டின் அம்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 756-இல் சோமு பேரரசர் மறைந்தபின் கோம்யோ பேரரசி அவர் உடைமைகளைப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவற்றுள் வில்லும் அம்பும் கவசமும் வாளும் அடங்கும். எட்டு ஆண்டுகளே சென்றன. 764-இல் ஒரு கலகம் மூண்டபோது காணிக்கையான ஆயுதங்களுள் மிகப் பல வெளியே எடுத்துச் செல்லப்பட்டன. புத்தருக்குக் கொடுத்ததைப் போருக்குத் திரும்பப் பெற்ற அந்நிகழ்ச்சி, அவ்வம்புகள் காட்சிப் பொருளாகச் செய்யப்பட்டவை அல்ல என்பதற்கு ஒரு சான்று.

பின்வந்த சாமுராய்க் காலம் வில்லின் காலம். ‘குதிரையும் வில்லும்’ என்பதே வீரனின் நெறிக்கு அன்றைய பெயர். 1185-இல் யாஷிமாப் போரில் பகைவர் படகில் ஆடிய விசிறியை நாசு நொ யோயிச்சி என்னும் இளைஞன் எய்து வீழ்த்திய கதையை ஹெய்கே காப்பியம் கூறுகிறது. அவன் அம்பு பன்னிரண்டு பிடியும் மூன்று விரலும் நீளம் என்று அளவு சொல்லவும் அக்காப்பியம் மறக்கவில்லை. அளவு உண்டு, அளந்து செய்தவர் பெயர் இல்லை.

1543-இல் தனேகாஷிமாத் தீவில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்து இறங்கியது. 1575-இல் நாகஷினோப் போரில் துப்பாக்கி வரிசைகள் தம் ஆற்றலைக் காட்டின. ஒரு தலைமுறைக்குள் போர்க்களத்தில் வில்லின் முதன்மை முடிந்தது. அம்புத் தொழிலும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. போர்ப்பயன் நீங்கிய பின்னரே அம்பின் நுட்பம் அதன் உச்சத்தைத் தொட்டது.

அதற்குக் காரணம் கியோத்தோவில் உள்ள ஒரு மண்டபம். சன்ஜூசங்கென்தோ என்னும் அப்புத்தக் கோவில் 1266-இல் மீண்டும் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். அதன் மேற்குத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் அமர்ந்து, மறுகோடியைக் கடக்கும்படி அம்பு எய்யும் போட்டி பதினேழாம் நூற்றாண்டில் பெரும் புகழ் பெற்றது. மேலே தாழ்ந்த இறவாரம், பக்கத்தில் தூண்கள். அம்பு உயர்ந்தால் கூரையில் படும். தாழ்ந்தால் தரையில் விழும். தூண்களைக் காக்க இரும்புத் தகடுகள் பொருத்த வேண்டியதாயிற்று. ஓர் இரவும் ஒரு பகலும் இடைவிடாது எய்து, கடந்த அம்புகளை எண்ணுவது போட்டிகளுள் தலையாயது. 1669-இல் ஓவாரி நாட்டின் ஹொஷினோ கன்சாயெமோன் 10,542 முறை எய்து 8,000 அம்புகளைக் கடக்கச் செய்தார். 1686-இல் கீ நாட்டின் வாசா தாய்ஹாச்சிரோ 13,053 முறை எய்து 8,133-ஐக் கடத்தினார். இரண்டாமவரின் எண்ணிக்கை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. ஆயினும் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் முதலாமவரே முந்துகிறார். இக்கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம்.

நம் கவனத்துக்குரியது வேறொன்று. 24 மணி நேரத்தில் 13,053 முறை என்றால் நிமிடத்துக்கு ஒன்பது. அம்பைத் தெரிந்தெடுக்கவோ, இது சற்றுக் கனம், இது சற்று வளைவு என்று நினைவில் வைத்து இழுப்பை மாற்றவோ வில்லாளிக்கு நேரமே இல்லை. கைக்கு வரும் அம்பு முன் வந்த அம்பைப் போலவே இருந்தாக வேண்டும். இலேசானதும் மெலிந்ததுமான தனி அம்புகள் இப்போட்டிக்கென்றே செய்யப்பட்டன. வாசாவின் சாதனை என்று நாம் சொல்வது அவருடைய தோளின் சாதனை மட்டுமன்று. பெயர் தெரியாத பலர் குளிர்காலங்களில் வெட்டி, உலர்த்தி, தணலில் நிமிர்த்தி வைத்த ஒப்புமையின் சாதனையும் ஆகும். ஓவாரிக்கும் கீ நாட்டுக்கும் இடையே நடந்தது குலப்பெருமைப் போட்டி. அதற்கு இரு நாடுகளும் பெரும்பொருள் செலவிட்டன. அவ்வகையில் பார்த்தால் அம்பு செய்தோருக்கு அமைதிக்காலமே போர்க்காலமாக இருந்தது.

உலோகம் வந்தபின்

இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானிய வில்வித்தை உலகெங்கும் அறியப்பட்டதற்குச் செருமானியத் தத்துவப் பேராசிரியர் ஓய்கன் ஹெரிகல் ஒரு காரணம். 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரில் பணியாற்றியபோது தாம் அவா கென்சோ என்னும் ஆசானிடம் வில் பயின்றதை வைத்து 1948-இல் ஒரு நூல் வெளியிட்டார். மனத்தை வெறுமையாக்குதல், எய்பவன் தன்னை மறத்தல் ஆகியவற்றைப் பற்றி அந்நூல் நிறையப் பேசியது. அதன்பின் வந்த பலவும் அதையே பேசின. எய்பவனின் மனத்துக்குக் கிடைத்த இந்த வரவேற்பில் நூற்றில் ஒரு பங்குகூடச் செய்பவனின் கைக்குக் கிடைக்கவில்லை என்பது நம் கருத்து. தன்னை மறந்து எய்ய முடிகிறது என்றால், அம்பைப் பற்றிக் கவலைப்படாதிருக்கும்படி வேறொருவர் முன்பே கவலைப்பட்டிருக்கிறார் என்று பொருள்.

நூற்றாண்டின் பிற்பாதியில் துராலுமின் என்னும் அலுமினியக் கலவைக் குழாய்கள் அம்பாயின. கரிம நார் அம்புகளும் வந்தன. இன்று ஜப்பானியப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வில் பழகும் மாணவரின் கையில் இருப்பது பெரும்பாலும் இவையே. இதனை வீழ்ச்சி என்று புலம்புவது எளிது; நாம் அப்படிச் சொல்லத் தயங்குகிறோம். ஈரத்துக்கு வளையாத, விலை குறைந்த, எடை ஒத்த அம்பு கிடைத்ததனால்தான் சாதாரணக் குடும்பத்து மாணவரும் வில்லைக் கையிலெடுக்க முடிந்தது. கழுகிறகின் கதையும் இத்தகையதே. 1992-இல் இயற்றப்பட்ட உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அருகிவரும் கழுகுகளின் இறகு வணிகத்தைத் தடுத்தது. வான்கோழி இறகு அவ்விடத்தைப் பிடித்தது. அம்பு அழகு குறைந்தது என்று முதியவர் சிலர் வருந்தலாம். கழுகுக்கு அவ்வருத்தம் இராது.

ஆனால் இழந்தது ஒன்று உண்டு. குழாயில் ஒப்புமை தானாகவே வந்துவிடுகிறது. ஆலையிலிருந்து வரும்போதே எல்லாம் ஒன்று. ஒவ்வாத நான்கை ஒன்றுபோல் ஆக்கும் அறிவுக்கு அங்கே வேலை இல்லை. அவ்வறிவு நூலில் எழுதப்பட்டதன்று; எழுதினாலும் முழுதும் பிடிபடாது. தணலின் மேல் மூங்கில் எப்போது இளகுகிறது என்பதைச் சொல்லால் கற்பிக்க முடியாது. பக்கத்தில் அமர்ந்து பல குளிர்காலம் பார்த்துத்தான் கற்க வேண்டும். கொரியாவில் இவ்வபாயத்தை முன்னரே உணர்ந்து, வில்லும் அம்பும் செய்யும் கைவினையை 1971-இல் நாட்டின் புலனாகாப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தனர். அதில் வில் செய்பவரையும் அம்பு செய்பவரையும் தனித்தனிக் கலைஞராகவே மதித்தனர். அம்பு செய்வோருக்கு நெடுங்காலத்துக்குப் பிறகு கிடைத்த நல்ல வரவேற்பு என்று இதனைச் சொல்லலாம்.

ஜப்பானில் மூங்கில் அம்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. உயர்நிலை வில்லாளிகள் இன்றும் அதனை நாடுகின்றனர். சடங்கு முறையான எய்தலில் அதுவே விரும்பப்படுகிறது. செய்வோர் மிகச் சிலர். அவர்கள் ‘யாஷி’, அதாவது அம்புக் கலைஞர், என்று அழைக்கப்படுகின்றனர். சன்ஜூசங்கென்தோ மண்டபத்தின் அருகே ஆண்டுதோறும் சனவரியில் வில்விழா நடக்கிறது. இருபது வயதை எட்டிய இளைஞர்கள் மரபுடை அணிந்து 60 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி எய்கின்றனர். ஆளுக்கு எய்யக் கிடைப்பவை சில அம்புகளே. முற்பிறந்தோர் ஆயிரக்கணக்கில் எய்த தாழ்வாரம் பக்கத்தில் அமைதியாக நிற்கிறது.

அதே சனவரியில் யாஷிகளுக்கு வேறு வேலை. அது யதாகே வெட்டும் காலம். புதருக்குள் சென்று பாளையை விலக்கிப் பார்த்து, மூன்றாண்டு நிறைந்ததா, கணு எங்கெங்கே நிற்கிறது என்று தேர்ந்து வெட்டி, கட்டாகக் கட்டிக் கொண்டுவருகின்றனர். ஒரு கட்டிலிருந்து நான்கு ஒத்த தண்டுகள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காதவை உலர்ந்தபடி அடுத்த ஆண்டின் கட்டுக்காகக் காத்திருக்கின்றன.